ஐந்தாவது படிவம்

ஒரு படிவத்தை டைப் அடித்து முடித்ததும் அந்த அக்கா அதை உடனே கையில் கொடுத்துவிட மாட்டார். வந்தவரை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், நாடு. ஒவ்வொன்றுக்கும் வந்தவர் ஆமாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. வெளியே டாக்ஸியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவனாக இருந்தாலும், விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், போனில் கத்திக்கொண்டிருந்தாலும், இந்தச் சடங்கு முடியாமல் காகிதம் கைமாறாது.

அஜ்மானில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த டைப்பிங் சென்டர் அது. விசா, லேபர் கார்டு, குடும்பத்தை வரவழைப்பது என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் அடித்துத் தரும் கடை. அதே கடையில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு மூலைதான் என் போட்டோ ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, ஒரு கேமரா, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சீப்பு. பதினாறு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இப்போது அவர் அங்கே இல்லை. கடை கைமாறியபோது ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு மலையாளிப் பையன் உட்கார்ந்து, யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டாமல், சடசடவென்று அடித்துத் தள்ளுகிறான். கூட்டம் முன்னைவிட வேகமாக நகர்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா மன்னார்க்காரர். நான் மண்டபம். நடுவில் கொஞ்சம் கடல்தான். அவர் வீட்டுக் கோழியும் எங்கள் வீட்டுக் கோழியும் ஒரே நேரத்தில் கூவும் என்று நான் கேலி செய்வேன். அவருக்குப் பெரிதாகச் சிரிப்பு வராது. உதட்டை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு அடுத்த பாஸ்போர்ட்டைத் திறப்பார். பாஸ்போர்ட்டைத் திறந்த மாத்திரத்தில் எங்கே பிழை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'உள்ளதை எழுதுவம்' என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. வயதைக் குறைக்கச் சொல்கிறவனிடமும், படிப்பைக் கூட்டச் சொல்கிறவனிடமும், கல்யாணம் ஆனதை மறைக்கச் சொல்கிறவனிடமும் அதே இரண்டு சொல். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

நானும் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் லைசென்ஸ் போட்டோ எடுக்க வந்தார். கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம், அதில் இரண்டு முடி வேறு. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டேன். டிரைவருக்கு ஒரே சந்தோஷம், பெண் பார்க்கவும் இந்தப் படத்தையே அனுப்பலாம் என்றார். அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கண்ணாடித் தடுப்பின் சிறு கதவைத் திறந்து படத்தை என் மேசைமேல் வைத்தார்.

"இவற்ற மச்சத்தை எங்க வச்சனீங்கள் தம்பி?"

டிரைவர் கெஞ்சினார். நானும் இதில் என்ன அக்கா கெட்டுப்போகிறது என்றேன். அவர் அடுத்த ஆளின் படிவத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மச்சத்தோடு மறுபடி எடுத்தேன். முடியையாவது எடுக்கலாமா என்று கேட்டேன். அதைச் சவரம் செய்துகொண்டு வந்தால் எடுக்கலாம் என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகள் நிறைய உண்டு. ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவரை வெறும் நல்லவராக வரைந்துவிட்டுப் போனதாக ஆகிவிடும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், ஸ்டீல் பிட்டர், பதினெட்டு வருடமாக இங்கே இருந்தவர், பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தார். அவரை முதலில் அனுப்பிய ஏஜெண்ட், இவர் பெயரையும் தகப்பன் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டிருந்தான். தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் அவரைத் தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பழகிவிட்டது. அப்படியே புதுப்பித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்டார். அக்கா வாசித்துக்கொண்டே வந்தவர், பெயர் வந்ததும் நிறுத்தி, இது நீங்களா என்று கேட்டார். அந்த மனிதர் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டார். விட்டாரா அக்கா? இல்லை. சத்தியப் பிரமாணம், பத்திரிகை விளம்பரம், ஊரிலிருந்து பள்ளிச் சான்று என்று எல்லாவற்றையும் அவரே முன்னின்று வரவழைத்தார். மாதக் கணக்கில் இழுத்தது. பாஸ்போர்ட் திருத்தத்தில் கிடந்த அந்த நாட்களில் ஊரில் அவருடைய தாயார் இறந்துபோனார். அவரால் போக முடியவில்லை.

எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் கேட்டார்கள் உங்களை, அவன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டு போயிருப்பானே என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். மறுநாள் அவர் அரைநாள் கடையை அடைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி அந்த மனிதரின் கேம்ப்புக்குப் போயிருக்கிறார். அந்த மனிதர் ரூமைவிட்டு வெளியே வரவே இல்லையாம். அக்கா கேட் அருகில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த நாள் காலையில் வழக்கம்போல முதல் படிவத்தைச் சத்தமாக வாசித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, பல நாள் நான் விளக்கைப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆனாலும் அவர் எங்கள் ஆள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் இதிலிருந்துதான் வந்தது. பொங்கலுக்கு எங்கள் பிளாட்டில் பானை வைத்தால் அவர் பக்கத்தில் நிற்பார். பெருநாளுக்குக் கீழக்கரை பாய் வீட்டில் பிரியாணி என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவார்கள். பாய் எங்கள் கட்டடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர். அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார். அரபிகளுக்கோ நாங்கள் எல்லோரும் ஒரே வகை, 'ஹிந்தி', அதாவது இந்தியர். அந்தச் சொல்லை அவர்கள் எங்களைப் பார்த்துச் சொல்லும்போது அவரும் அதற்குள் இருப்பார். அவர் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும் நாட்களில் மட்டும் தடுப்பின் சிறு கதவைச் சாத்திக்கொள்வார். அன்று யார் ஜெயித்தாலும் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது.

சிக்கிமில் இருக்கும் நாதுலாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்ததும் அந்த மேசையில்தான். பக்கத்து வங்கியில் செக்யூரிட்டியாக இருந்த டார்ஜிலிங்காரர் ஒருவர், விசா புதுப்பிக்க வந்தவர், போனில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கோ இணையத்தில் இருந்து எடுத்து வைத்திருந்த படம். பனி மூடிய மலைக் கணவாய், நடுவில் ஒரு கம்பி வேலி, இந்தப் பக்கம் நம் சிப்பாய், அந்தப் பக்கம் சீனச் சிப்பாய். பதினான்காயிரம் அடிக்கு மேலே. அந்த வழியாகத்தான் ஒரு காலத்தில் கம்பளியும் பட்டும் கழுதை முதுகில் போய் வந்துகொண்டிருந்தன, இப்போது ஆட்கள் போய்ப் பார்க்கலாம், வேலி வரைக்கும் போகலாம் என்றார் அவர். அக்கா அந்தப் போனைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலை டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். தீவில் பிறந்தவளுக்குத் தரையில் எல்லை என்று ஒன்று எப்படி இருக்கும் என்று தெரியாதாம். முன்பு விசா மாற்ற ஓமான் எல்லைக்கு பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். அங்கே ஒரு கட்டடமும் கவுண்டரும் ஏசியும்தான் இருந்தன, அது எல்லை இல்லை, ஆபீஸ் என்றார்.

"எங்கட எல்லை தண்ணிக்குள்ள கிடக்கு தம்பி. ஒருத்தரும் கண்ணால கண்டதில்லை. ஆனா அதில பிடிபட்டவை கனபேர், உங்கட பக்கமும் எங்கட பக்கமும். நாளைக்கு நூறு தரம் நாடு எண்டு எழுதுறன். அது முடியுற இடத்தை ஒருக்கா பாக்கோணும்."

நான் மண்டபத்துக்காரன். எங்கள் தெருவில் கடலுக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்களின் வீடுகள் உண்டு. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. சரி, போவோம் அக்கா என்றேன். நான், என் மனைவி, பாய், பாயின் மனைவி, அக்கா. ஐந்து பேர். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு லீவு போட்டுப் போவதாக முடிவாயிற்று.

பயணத்துக்கான ஏற்பாடுகளில் பாதி அவருடையது. கேங்டாக்கில் இருந்த டிராவல் ஏஜெண்டிடம் ஹிந்தியில் பேசுவது மட்டும் என் பொறுப்பு. அவருக்கு இந்திய விசா வேண்டுமே, அதற்கு இரண்டு அங்குலச் சதுரப் போட்டோ எடுத்ததும் நான்தான். இதை நன்றாகக் கவனியுங்கள். நானே எடுத்தேன், இந்திய விசாவுக்கென்று அளவு வெட்டி, நானே கவரில் போட்டுக் கொடுத்தேன். அதே வாரத்தில் ஏஜெண்ட் போனில் எத்தனை பேர் என்று கேட்டான், ஐந்து என்றேன். எல்லோரும் இந்தியர்தானே என்று கேட்டான்.

"ஹா, சப் இந்தியன்," ஆமாம், எல்லோரும் இந்தியர்தான் என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கூட வருகிற எங்கள் ஆட்களை எண்ணிச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் எங்கள் ஐந்து பேருக்குமான வாட்ஸ்அப் குரூப்பில், ஐந்து பேர், அனைவரும் இந்தியர், நாதுலா உறுதி என்று போட்டான். பாய் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டார். வேலை முடிந்தது என்று நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம். ஷார்ஜாவில் கம்பளிச் சட்டை மலிவு என்று கேட்டு, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பெண்களோடு அவரும் கடை கடையாக ஏறி இறங்கினார். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே மூன்று பேரும் குரங்குக் குல்லாய் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று என் மனைவி சொன்னாள்.

கொல்கத்தா வழியாக பாக்டோக்ரா, அங்கிருந்து வண்டி. சிக்கிமுக்குள் நுழையும் ரங்போ சோதனைச் சாவடியில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். வெளிநாட்டவர் இறங்கிப் பதிந்துகொள்ள வேண்டும் என்றான். அக்கா கைப்பையோடு இறங்கினார். இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து ஏறினார். அந்த நேரத்தில் நாங்கள் நாலு பேரும் என்ன செய்தோம்? டீ குடித்தோம். பாய் மோமோ நன்றாக இருக்கிறது என்றார். அப்போதாவது எங்கள் மரமண்டையில் ஏதாவது ஏறியிருக்க வேண்டாமா? ஏறவில்லை.

மறுநாள் மாலை கேங்டாக்கில் ஏஜெண்டின் கடையில் உட்கார்ந்து நாதுலா பெர்மிட்டுக்கான ஐந்து படிவங்களையும் அக்காதான் பேனாவால் நிரப்பினார். வேறு யாரை விடுவார்? என்னுடையது, என் மனைவியுடையது, பாயுடையது, பாயின் மனைவியுடையது. நாலையும் எங்களுக்குச் சத்தமாக வாசித்தார், நாங்கள் நல்ல பிள்ளைகள்போல ஆமாம் போட்டோம். ஐந்தாவதை, தன்னுடையதை, எடுத்துப் பெயர் எழுதினார். பிறகு பேனா நின்றது. நல்ல குளிர், ஊரும் உயரம், கை விறைத்திருக்கும் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து அவர் எழுதி முடித்து, அதை மட்டும் வாசிக்காமல், ஏஜெண்டிடம் கொடுத்தார்.

ஏஜெண்ட் பார்த்தான். அவன் முகம் மாறியது. மேடம் ஸ்ரீலங்காவா என்று என்னைக் கேட்டான், அவர் எதிரில் இல்லாததுபோல. நாதுலாவுக்கு வெளிநாட்டவரை விடமாட்டார்கள். வழியில் இருக்கிற ஏரி வரைக்கும் விடுவார்கள், அதற்கும் குறைந்தது இரண்டு வெளிநாட்டவர் சேர்ந்து வர வேண்டும், தனி ஆளுக்கு அனுமதி இல்லை. நீங்கள்தானே எல்லோரும் இந்தியர் என்றீர்கள் என்றான்.

பிறகு அவனே ஒரு வழி சொன்னான். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு நகல்களை எடுத்து, அதிலிருந்து ஒரு வாக்காளர் அட்டையைப் பொறுக்கி எங்கள் முன்னால் வைத்தான். யாரோ ஒரு பெண்மணி, அறுபது வயதை நெருங்கியவர், கண்ணாடி போட்டவர். நகலில் எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வண்டிக்குள் தலையை விட்டு யாரும் முகம் பார்க்கப்போவதில்லை, இந்தப் பெயரில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்களாம்.

அவன் வியாபாரி, அவனை விடுங்கள். நாங்கள் என்ன செய்தோம் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நாலு பேரும் அவனோடு சேர்ந்துகொண்டோம். பாய் அந்த நகலைத் தூக்கிப் பிடித்து முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துத்தானே லாத்தா. யாரு பாக்கப் போறா?"

நான் அதைவிட மோசம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படிப் பிடிவாதம் பிடித்தால் எங்கள் மனசு என்ன பாடுபடும் என்று, ஏதோ அவர்தான் எங்களுக்குத் துரோகம் செய்வதுபோலப் பேசினேன். மச்சத்தையே அழிக்க விடாதவரிடம் முகத்தையே மாற்றச் சொல்கிறோம் என்று எனக்கு உறைக்கவில்லை.

அக்கா அந்த நகலை வாங்கி, அதிலிருந்த பெயரை ஒருமுறை மெதுவாக வாசித்தார். கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பேரில ஏறினா, ஏறினது நானில்லைத் தம்பி. இந்த மனிசிதான். அவ வந்து பாத்திட்டுப் போனா எண்டுதான் இருக்கும்."

மறுநாள் காலையில் என் மனைவி, 'நானும் போகவில்லை, அக்காவோடு இருக்கிறேன்' என்று கட்டிலைவிட்டு எழ மறுத்தாள். அக்கா வந்து அவளை எழுப்பிக் குல்லாயை மாட்டிவிட்டார். பெர்மிட் வந்துவிட்டது, அதில் பெயர் இருக்கிறது, ஏறுங்கள் என்று கடிந்துகொண்டார். நாங்கள் ஏறினோம். யாரும் எங்களைப் பிடித்துத் தள்ளவில்லை. நாலு பேரில் ஒருவராவது, நான் ஒருவனாவது, இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது அவர் விடுதி வாசலில் சாதாரண உடுப்பின்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். ஷார்ஜாவில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை.

மேலே போனோம். ஏரி உறைந்திருந்தது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பனிச்சுவர். போனையெல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், படம் எடுக்கக் கூடாது. போட்டோகிராபரான எனக்கு அவருக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லாமல் போயிற்று. படிகளில் பத்துப் படிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றோம். உச்சிக்குப் போனதும் பார்த்தால், அதுதான் எல்லை. ஒரு முள்கம்பி வேலி. என் நெஞ்சுக்குக்கூட வராது. அந்தப் பக்கம் ஒரு கட்டடம், கன்னம் சிவந்த ஒரு சின்னப் பையன் சீருடையில் நின்றுகொண்டிருந்தான். பாய் பழக்கதோஷத்தில் கையை நெஞ்சில் வைத்து சலாம் சொன்னார். அந்தப் பையன் தலையை அசைத்தான். பனி வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குவியலாகக் கிடந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, அதை யாரும் நிறுத்திப் பெயர் கேட்கவில்லை.

ஆயிரம் பேர் அன்று அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். சிப்ஸ் பாக்கெட்டோடு ஏறினவன், குழந்தை அழுகிறது என்று வேலியைப் பார்க்காமலேயே திரும்பினவன், சீனாக்காரனைப் பார்த்து முஷ்டியை உயர்த்தி ஊளையிட்டவன் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க மனசார ஆசைப்பட்ட ஒரே ஒரு மனுஷி கீழே விடுதியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டம் என்று ஒன்று இருக்கும், அதற்குக் காரணமும் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மையை எழுதினவர் கீழே, பொய் எழுதத் தயாராக இருந்தவர்கள் மேலே. இதற்கு என்ன பெயர்?

இறங்கும் வழியில் ஒரு கடையில் நாதுலா போய் வந்ததற்குப் பெயர் எழுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள். பாயின் மனைவி, பாவம், நல்ல மனசு. அக்காவின் பெயரைச் சொல்லி எழுதவைத்து ஒன்று வாங்கி, கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதியில் அக்கா எங்களுக்காக வெந்நீர் சொல்லிவைத்திருந்தார். சான்றிதழை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தார். பாயின் மனைவியின் கையைப் பிடித்து, நல்லா இருக்கு என்று சொல்லி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே ரூமுக்குப் போனார்.

என் மனைவியும் பாயும்கூட எழுந்து போன பிறகு அக்கா என்னை உட்காரச் சொன்னார். வேலி எவ்வளவு உயரம், என்ன கம்பி, எத்தனை வரிசை, அந்தப் பக்கம் நின்றவனுக்கு என்ன வயது இருக்கும், படி எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வேலி என் நெஞ்சுக்கும் வராது என்றபோது, அவ்வளவுதானா என்று இரண்டு முறை கேட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, எல்லாரும் இந்தியனான்னு அவன் கேட்டப்ப ஆமான்னு சொன்னது நான்தான்."

"தெரியும் தம்பி. ஏஜெண்ட் குரூப்பில போட்டவர்தானே. வாசிச்சனான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வெளிநாட்டாக்களை மேல விடமாட்டினம் எண்டதும் தெரியும். அதுக்கு முதலே எல்லாம் வாசிச்சிட்டன். பிழையெண்டு சொல்லத்தான் போனை எடுத்தன். ஐஞ்சு பேர், எல்லாரும் ஒண்டு எண்டு கிடந்தது. வெளிநாடு வந்த இருபத்திமூண்டு வருசத்தில என்னைத் தனி வரியில போடாமல் மற்றாக்களோட சேத்து ஒருத்தர் எழுதினது அதுதான் முதல் தரம். திருத்த மனம் வரேல்லை."

ஆனால் படிவத்தில் தன் கையாலேயே நாடு இந்தியா என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது முடியவில்லை என்றார். நேற்று அந்தக் கடையில் பேனா நின்றது அதற்குத்தான்.

நான் பேச வேண்டியதை மூன்று வாரத்துக்கு முன்பே ஏஜெண்டிடம் போனில் பேசியிருக்க வேண்டும். நாலு பேர் இந்தியா, ஒருத்தர் இலங்கை, ஐந்து பேரும் சேர்ந்து போகிற மாதிரி வேறு இடம் இருந்தால் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் யாரும் விடுதி வாசலில் தனியாக நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அவர் சிரித்த மூன்று வாரமும் அவருக்குக் கிடைத்திருக்காது. இதில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை.